பழமையும் பாசாங்கும்

பொங்கலுக்கு முந்திய நாள் போகி. வீட்டைத் துப்புரவு செய்து, வேண்டாதனவற்றைக் கழிக்கும் நாள். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் உடைந்த கூடையும் எரிந்த காலத்தில் அவ்வழக்கத்தால் தீங்கொன்றும் நேரவில்லை. அவை ஓராண்டு ஈராண்டு உழைத்து ஓய்ந்தவை. மண்ணில் பிறந்து மண்ணிற் கலப்பவை. ஆனால், பாட்டனார் அமர்ந்த நாற்காலியையும் பாட்டியார் பூட்டித் திறந்த மரப்பெட்டியையும் குப்பை வண்டிக்கு அனுப்பி வைப்போரும் போகியின் பெயரையே சொல்லுகின்றனர். அவர் கற்றவராயின் நன்னூலாரையும் துணைக்கு அழைத்துக் கொள்ளுகின்றார். பழையவை போவதும் புதியவை வருவதும் இயல்பென்று பவணந்தி முனிவரே விதித்துவிட்டாராம்!

நன்னூலார் பேசியது மொழியைப் பற்றி. காலப்போக்கில் சில சொற்கள் வழக்கிழத்தலும் வேறு சில வழக்கில் ஏறுதலும் குற்றமாகா என்பதே அவர் கருத்து. ஓர் இலக்கண ஆசிரியர் பெருந்தன்மையோடு சொன்ன விதியைக் கொண்டு, தேக்குமரப் பெட்டியைத் தெருவில் எறிவதற்கு உரிமைச் சீட்டு எழுதிக்கொள்வது எந்த இலக்கணத்தில் உள்ளது?

எறிந்தவர் ஒருபுறம் இருக்க, எடுத்தவர் மறுபுறம் தோன்றியுள்ளார். பினாங்கிலும் மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பழைய கடைவீடுகளுக்குள் இன்று நாகரிக உணவகங்களும் தங்கு விடுதிகளும் நடைபெறுகின்றன. அங்கே பழைய சன்னற் கதவு சுவரில் படமாகத் தொங்குகின்றது. வாசற் கதவின்மேல் கண்ணாடி பதித்து உணவு மேசை ஆக்கியுள்ளனர். தையற் பொறியின் இரும்புக் கால்கள் சலவைக்கல் பலகையைத் தாங்குகின்றன. நுழைவாயிலில் ஆட்டுக்கல் ஒன்று, குழியில் நீரும் நீரில் பூவுமாகக் காட்சி தருகின்றது. வருவோர் வியக்கின்றனர்; படம் எடுக்கின்றனர்; காப்பி அருந்திச் செல்லுகின்றனர். அந்தக் கல்லில் மாவரைத்துக் கை காய்த்த பெண்மணியின் பேத்தியும் அவர்களுள் ஒருத்தியாக இருக்கலாம். தன் வீட்டார் எறிந்ததைக் கண்டு களிக்க அவள் காசு கொடுத்து வருகின்றாள்.

எறிந்தவருக்குப் பழமை குப்பை. எடுத்தவருக்கு அது ஒப்பனை. இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். ஒரு பொருளை அதன் வாழ்க்கையினின்று பிரித்து, வெறும் உருவமாக மட்டும் காண்கின்றனர். பழம்பொருளால் வீட்டை அணிசெய்வது நல்ல சுவைதான்; அதனைப் பழிப்பதற்கு இடமில்லை. பழிக்கத்தக்கது, வரலாற்றை வெட்டி எறிந்துவிட்டு அதன் அழகை மட்டும் வாங்க நினைக்கும் பாசாங்கே ஆகும்.

அந்த அழகு எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் வெள்ளி போன்ற சாம்பல் நிறம் கொள்ளுகின்றது. மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்பது லிக்னின் என்னும் பொருள். ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் உள்ள அப்பிணைப்பைச் சிதைக்கின்றன. மழை அதனைக் கழுவிச் செல்லுகின்றது. எஞ்சி நிற்கும் நார்களே அந்நிறத்தைத் தருகின்றன. வீட்டினுள் இருந்த மரமோ வேறு வகையில் முதிர்கின்றது. ஊஞ்சற் பலகையின் நடுவில் தோன்றும் வழவழப்பும், நாற்காலிக் கைப்பிடியின் முனையில் படியும் கருமையும், நிலைப்படியின் நடுவே விழுந்த பள்ளமும் எவரும் உளி கொண்டு செய்தவை அல்ல. உட்கார்ந்தவர், பற்றியவர், மிதித்தவர் ஆகிய பலர் பல்லாண்டுகளாகச் சேர்ந்து செய்த வேலை அது. ஆகவே பழைய மரத்தின் அழகு, பயன்பட்டமையால் வந்த அழகு.

செய்தவனின் திறமும் அதில் உண்டு. பழைய தச்சர் ஒரு சட்டத்தின் நாக்கை மறுசட்டத்தின் துளையிற் செலுத்தி, மரமுளை அறைந்து இறுக்கினர். அத்தகைய பொருத்து தளர்ந்தால் பிரிக்கலாம். கால் முறிந்தால் அக்காலை மட்டும் மாற்றலாம். மரத்தூளை ஒட்டுப்பசையால் இறுக்கிச் செய்த இன்றைய மலிவுப் பலகையில் நீர் புகுந்தால் அது உப்பும். திருகாணி ஒருமுறை கழன்ற இடத்தில் மறுமுறை பிடிக்காது. முன்னது பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. பின்னது எறிவதற்கென்றே செய்யப்பட்டது போலும்!

அழகு என்பது அரண்மனைப் பொருளுக்கே உரியது என எண்ணுவோரும் உளர். அவர்கள் பழைய கோப்பிக்கடை நாற்காலியைப் பார்க்கட்டும். மரக்கோலை நீராவியில் இளக்கி வளைத்துச் செய்யும் அவ்வகை நாற்காலியை 1859ஆம் ஆண்டில் வியன்னாவின் மிக்கேல் தோனெட் உலகிற்கு அளித்தார். ஆறே மரத்துண்டுகள், சில திருகாணிகள். பிரித்து அடுக்கினால் முப்பத்தாறு நாற்காலிகள் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் அடங்கும். அது தொழிற்கூடத்தில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட எளிய பொருள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் துறைமுகத் தொழிலாளியும் மாட்டு வண்டிக்காரரும் பள்ளி ஆசிரியரும் அவ்வகை நாற்காலிகளில் அமர்ந்துதான் கோப்பி குடித்தனர். அரிய பொருள் என்பதால் அதற்கு மதிப்பு வரவில்லை. அனைவரும் அமர்ந்த பொருள் என்பதால் வந்தது.

பயனால் வரும் இவ்வழகைப் பயனின்றிப் பெற முயலும்போது பாசாங்கு பிறக்கின்றது. அதன் முதல் வடிவம் பொய்ப்பழமை.

இரப்பர் மரத்தைச் சான்றாகக் கொள்ளலாம். ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் சொரிந்து ஓய்ந்தபின் அம்மரத்தை வெட்டி மறுநடவு செய்வர். வெட்டிய மரம் முன்னாளில் விறகாகவே எரிந்தது. அறுத்த பலகையை உடனே மருந்தூட்டி, சூட்டறையில் உலர்த்தாவிடின், பூஞ்சணமும் வண்டும் அதனை அழித்துவிடும். அம்முறை கைவந்தபின், 1980களிலிருந்து மலேசியாவின் மரத்தளவாடத் தொழில் அம்மரத்தை நம்பியே பெரிதும் வளர்ந்தது. ஜொகூரின் மூவார் வட்டாரம் அத்தொழிலுக்குப் பேர்பெற்றது. விறகாக வேண்டிய மரம் வீட்டுப் பொருளானது பாராட்டத்தக்க அறிவு. காட்டு மரத்தை வெட்டும் தேவையும் அதனாற் குறைந்தது. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், அந்தப் புத்தம்புது மேசையைப் பழையதாக நடிக்க வைக்கும் வேலையை என்னென்பது! சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்குகின்றனர். கம்பித் தூரிகையால் சுரண்டுகின்றனர். இரு நிறங்களைப் பூசி, மேல்நிறத்தைத் தேய்த்துக் கீழ்நிறத்தைக் காட்டுகின்றனர். கூரிய ஊசியால் குத்திப் பூச்சி அரித்த துளைகளையும் படைக்கின்றனர். மலிவாகக் கிடைக்கும் மரம் எதுவாயினும் இவ்வேடத்திற்கு ஆளாகின்றது. இரப்பர் மரமும் தப்பவில்லை.

இரப்பர் மரத்திற்கு உண்மையான தழும்பு இல்லையா? விடியற்காலை இருளில் தலைவிளக்கோடு சென்ற தொழிலாளி, பால்வெட்டுக் கத்தியால் பட்டையைச் சீவிச் சீவி இட்ட தழும்புகள் அம்மரத்தின் உடலெங்கும் இருந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு மக்களின் வரலாறு அப்பட்டையில் எழுதப்பட்டிருந்தது. மரம் அறுக்கும் ஆலையில் பட்டை கழிவாகிப் போகின்றது. மெய்த்தழும்பை உரித்தெறிந்த பலகையின்மேல் சங்கிலியால் பொய்த்தழும்பு இடுவதைவிடக் கொடிய நகை உண்டோ? புதிய மேசை புதிய மேசையாகவே வீட்டிற்குள் வரட்டும். அவ்வீட்டுப் பிள்ளைகள் அதில் எழுதட்டும்; உண்ணட்டும்; மை கொட்டட்டும். ஐம்பது ஆண்டுகளில் அது தானே பழமை எய்தும்.

பாசாங்கின் இரண்டாம் வடிவம் பொய்ப்பழமையினும் கொடிது. நிற்கும் வீட்டைச் சிதைத்து மெய்ப்பழமையைத் துண்டு துண்டாக விற்பதும் வாங்குவதும் அது.

மலாயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், ஈட்டிய பொருளைக் கொண்டு செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பினர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பாய் விரித்துக் கணக்கெழுதியவர்கள் ஊரில் பர்மாத் தேக்குத் தூண்களை நிறுத்தினர். சுண்ணாம்புச் சாந்தை மெருகேற்றிச் சுவரைக் கண்ணாடி ஆக்கினர். ஆத்தங்குடிக் கற்களைத் தரையிற் பதித்தனர். அம்மாளிகைகளைக் கட்டிய பணத்தில் மலாயாத் தோட்டங்களின் வியர்வையும் கலந்தே இருந்தது. ஆகவே அவை இந்நாட்டுத் தமிழர் வரலாற்றுக்கும் அயலானவை அல்ல.

1930களின் பொருளாதார வீழ்ச்சியால் அத்தொழில் தளர்ந்தது. 1942இல் பர்மாவும் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைப்பட்டன. 1962ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்திற்குப் பின் பர்மாவில் வணிகம் அரசுடைமையாயிற்று. ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலராகி, பல நகரங்களிலும் நாடுகளிலும் சிதறினர். ஓடு மாற்றவும் சுவர் பூசவும் ஆகும் செலவை ஏற்பவர் குறைந்தனர். அதன்பின் வீடுகள் பல பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் தூணும் நிலையும் கதவும் போதிகையும் தனித்தனியே விலைக்கு நிற்கின்றன. அங்கிருந்து எங்கெங்கோ உள்ள விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் அவை பயணமாகின்றன.

இதற்காக உரிமையாளரை மட்டும் நொந்து பயனில்லை. ஒழுகும் கூரையின்கீழ் நின்று பார்த்தவருக்கே அவர் துன்பம் விளங்கும். கடைக்காரரையும் முழுவதும் பழித்தல் தகாது. தானே இடிந்த வீட்டின் தூண் அடுப்பிற்குப் போகாமல் காத்தவர் அவர். ஆனால், தானே இடிந்த வீடு வேறு. இடிக்கப்பட்ட வீடு வேறு. முழு வீட்டின் விலையைவிட அதன் துண்டுகளின் விலை உயரும் நாளில், நிற்கக்கூடிய வீடும் விழுந்துவிடும். அந்நாளில் கோடரியை ஓங்குவது தொலைவில் இருந்து விலை பேசும் வாங்குவோரின் சுவையே. தம் வரவேற்பறையில் ஒரு தூணை நிறுத்த வேண்டும் என்ற ஆசை, அங்கே ஒரு முற்றத்தைச் சாய்க்கின்றது.

மலாயாத் தோட்டத் தமிழர்க்குத் துண்டாடல் என்னும் சொல் புதிதன்று. 1950களில் பெருந்தோட்டங்களைத் துண்டுகளாக விற்றபோது தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். அதனைத் தடுக்கவே தொழிலாளரின் சிறுதொகைகளைத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் சம்பந்தன் தோற்றுவித்தார். துண்டாகாமல் காக்கத் தோட்டத்தையே வாங்கிய மக்களின் வழிவந்தோர், துண்டாடப்பட்ட வீட்டின் தூணை விலைக்கு வாங்கிப் பெருமை கொள்ளலாமா?

பெயர்த்தெடுத்த பொருளுக்கு வாழ்வே இல்லை என்பதும் இல்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா, பிரித்தெடுத்த பழைய வீடுகளை மீண்டும் வீடாகவே எழுப்பிக் காட்டுகின்றது. அங்குள்ள செட்டிநாட்டு வீட்டில் தூணுக்குத் திண்ணை உண்டு. சிங்கப்பூரில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு வாசல் நிலையொன்று ஊரும் பேரும் தாங்கி நிற்கின்றது. பார்ப்பவர் அது எங்கிருந்து வந்தது, என்ன செய்தது என்று அறிந்தே செல்லுகின்றார். விடுதியின் மின்விளக்கின்கீழ் ஊரும் பேரும் இன்றி நிற்கும் தூணோ அகதி போன்றது. அதற்கு முகவரி கேட்பாரும் இல்லை.

கட்டடங்களின் நிலையும் எண்ணத்தக்கது. 1989இல் சிங்கப்பூரின் குட்டி இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலக மரபுடைமைத் தலங்களாயின. சுவரையும் முகப்பையும் சட்டம் காக்கின்றது, நன்று. உள்ளிருந்த கணக்கு மேசையையும் மரப்பெட்டியையும் காப்பதற்குச் சட்டம் வாராது. வீட்டாரின் மனமே காத்தல் வேண்டும். எறிந்த பொருளை எளியவர் வாங்கிப் பயன்படுத்த ஓர் இடமாக இருந்த சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருட் சந்தையும் 2017 ஜூலையில் மூடப்பட்டது. எளியவர் கையில் பழையது பயன்பொருளாகச் சுழன்ற வழி அடைபடுகின்றது. வசதியுள்ளவர் கையில் அது காட்சிப் பொருளாகும் வழி அகலமாகின்றது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழமையைப் போற்றுவது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு என்பர். தோட்டத்து லயன் வீட்டில் வாழ்ந்தவருக்குப் பழைய பொருள் என்பது வறுமையின் சின்னம் என்பர். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காண்டாக் கம்பில் பால்வாளிகளைத் தொங்கவிட்டுத் தோள் புண்ணாகச் சுமந்த மூதாட்டி, அக்கம்பை மகன் வீட்டுச் சுவரில் காண விரும்பாமல் இருக்கலாம். புதிய அடுக்குமாடி வீட்டிற்குப் புதிய நாற்காலி வாங்கிய நாள் அவர் வாழ்வின் வெற்றி நாளாக இருக்கலாம். மறப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அவர் விலை கொடுத்துப் பெற்ற உரிமை அது. ஆனால், அக்கம்பைச் சுவரில் மாட்டி, யார் சுமந்தது என்று ஒரு வரியும் எழுதாமல், அதன்கீழ் காப்பி விற்பவருக்கு அவ்வுரிமை இல்லை. பாட்டியிடம் ஒருநாளும் கேளாமலே அதனை எறிந்த பேரனுக்கும் இல்லை.

பழையன எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்பதும் பேதைமை. தண்டவாளக் கட்டைகளை உணவு மேசையாகவும் இருக்கையாகவும் ஆக்கும் வழக்கம் பரவியுள்ளது. மலாய் மக்கள் செங்கால் எனும் உறுதியான காட்டு மரத்தால் செய்த கட்டைகள் நெடுங்காலம் உழைப்பவை. எனினும், பழைய கட்டைகள் பலவற்றிற்குக் கறையான் அண்டாதிருக்கக் கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெய் ஊட்டப்பட்டது. அது உடலுக்குத் தீங்கு செய்வது. உணவு வைக்கும் மேசைக்கும் குழந்தை விளையாடும் இடத்திற்கும் அறவே ஆகாது. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தலும் உண்டு. உரியும் பூச்சு அழகென்று கருதிக் குழந்தையின் அறையில் அத்தகைய அலமாரியை வைப்பதும், பாதுகாப்பின்றி அதனைத் தேய்த்துத் தூள் பறக்கவிடுவதும் நஞ்சை அழைத்துக் கொள்வதாகும். பழமையை மதிப்பவன் அதன் குற்றத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே, பழம்பொருளை வீட்டிற்குள் அழைப்போர் மூன்று வினாக்களுக்கு விடை தேடட்டும். இப்பொருள் இனியும் பயன்படுமா? இதன் பெயர் என்ன? இது எங்கே பிறந்தது, எவ்வாறு இங்கு வந்தது? பழைய கதவு வேறொரு வீட்டில் கதவாகத் திறந்து மூடுமாயின் அதனினும் சிறப்பில்லை. கதவாக இயலாவிடின் மேசையாகட்டும். மேசையிலும் கைகள் படும். பெட்டியில் துணி இருக்கட்டும். ஊஞ்சலில் குழந்தை ஆடட்டும். கூடத்தில் அழகுக்காக நிறுத்தி, அமர வேண்டாம் என்று கயிறு கட்டிய நாற்காலி, நாற்காலியின் பிணமே ஆகும்.

இரண்டாம் வினா தமிழாசிரியரை நோக்கியது. பத்தாயம், குதிர், மரக்கால், திருகை, முக்காலி, விசுப்பலகை, அஞ்சறைப் பெட்டி, நிலை, உத்தரம், போதிகை ஆகிய சொற்களுள் எத்தனையை இன்றைய மாணவர் அறிவர்? நாற்காலியில் நான்கு கால்களும் முக்காலியில் மூன்று கால்களும் சொல்லிலேயே நிற்பதை எத்தனை பேர் உணர்ந்துள்ளனர்? அகராதியை மனப்பாடம் செய்வதால் இச்சொற்கள் உயிர் பெறா. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் பெயர், செய்த மரம், வந்த ஊர், பயன்படுத்தியவர் ஆகியவற்றைப் பெரியவரிடம் கேட்டுப் பத்து வரி எழுதி வரட்டும். அப்பத்து வரிக்காகப் பாட்டியின் அருகே அமரும் அரைமணி நேரம், பாடநூல் தராத பாடத்தைத் தரும். எழுதிய தாளின் படியொன்றை அப்பொருளின் உட்புறத்தில் ஒட்டி வைக்கட்டும். நாளை அப்பொருள் கைமாறினாலும் அது அகதியாகாது.

சொல் வழக்கிழப்பது எதனால் என்று ஆசிரியர் வகுப்பில் விளக்கும்போது இதனையும் விளக்குதல் நன்று. பொருள் வீட்டை விட்டுப் போன பின்னரே அதன் பெயர் நாவை விட்டுப் போகின்றது. மரக்கால் இல்லாத வீட்டில் மரக்கால் என்னும் சொல் எவ்வாறு வாழும்? நன்னூலார் ஒப்புக்கொண்டது காலம் தானே கழிப்பதைத்தான். மனிதர் தம் கையால், எண்ணாமல், கேளாமல், பெயரும் அறியாமல் கழிப்பதற்கு அவர் இசைவு தரவில்லை. அடுத்த போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்வோர், எறிவதற்குமுன் அப்பொருளின் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பெயர் நாவில் வாராவிடின், வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்துக் கேட்கட்டும். கேட்டறிந்த பின்னும் எறியத் துணிவாரேல், எறிந்துகொள்ளட்டும்.